மதர்போர்ட் வாங்க முன்னம் புரொசசரைப் பாருங்க

சீட்டுக் காசை எடுத்து, பிள்ளையின் பழைய கம்பியூட்டருக்கு மதர்போர்ட் மாற்றப் போறீங்களா? முதலில் அதிலுள்ள புரொசசரின் பெயர், இலக்கம் இரண்டையும் துண்டில் எழுதிக்கொண்டு டவுனுக்குப் போங்க.

புரொசசர் உட்காரும் இடத்துக்கு சொக்கட் என்று பெயர். இன்டெல் 2015இல் கொண்டுவந்த எல்ஜிஏ 1151 சொக்கட்டைப் பாருங்க. 6ஆம், 7ஆம் தலைமுறைப் புரொசசர்களுக்கு எச்110 போர்ட் சரி. 2017இல் வந்த 8ஆம் தலைமுறைக்கும் சொக்கட்டின் பெயர் அதேதான். எச்110இல் உட்காரவும் செய்யும். ஆனால் வேலை செய்யாது. அதற்கு எச்310 போன்ற போர்ட் வேணும். "பேர் ஒண்ணுதானே" என்று வாங்கினால் காசு வீண்.

ரெம்மும் அப்படித்தான். டிடிஆர்3 ரெம், டிடிஆர்4 போர்டில் ஏறாது. வெட்டு இருக்கும் இடம் வேறு. தள்ளி அழுத்தாதீங்க, உடைஞ்சிடும்.

கடையிலேயே பூட்டிக் காட்டச் சொல்லுங்க. திரையில் எழுத்து வந்த பிறகு பில்லையும் வாரண்டியையும் வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்க.