கட்டிய ஒரு லட்சம் எங்கே நின்றது?

பர்சனல் லோனை முன்கூட்டியே அடைக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பணத்தைக் கட்டியதோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள், அது அசலில் கழிந்ததா என்று பாருங்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மாற்றிச் சொன்னார். அதில் எனக்குப் போனது 9,700 ரூபாய்ச் சொச்சம். சோமனூர்ப் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிற வீட்டில் அது எவ்வளவு பெரிய பணம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும்.

2022 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நின்றன. வாரக்கணக்கில் வருமானம் இல்லை. அதே வருஷம் மாமனாருக்கு நெஞ்சில் ஆபரேஷன். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவள். என் சம்பளக் கணக்கை வைத்துத்தான் லோன் கிடைத்தது. 5 லட்சம், 14 சதவீதம், 60 மாதம், மாதத் தவணை 11,634 ரூபாய். ஆகஸ்டில் முதல் தவணை.

முதல் தவணையில் 5,833 ரூபாய் வட்டிக்குப் போனது. அசலில் கழிந்தது 5,801 மட்டுமே. பாதிக்கு மேல் வட்டி! தவணைத் தொகை மாறாது, ஆனால் அதற்குள் வட்டியின் பங்கு மாதாமாதம் குறைந்து, அசலின் பங்கு கூடும். ஐந்து வருஷத்துக்கும் சேர்த்து வட்டி 1,98,000 ரூபாய் வருகிறது. அதில் சுமார் 1,19,600 ரூபாயை முதல் இரண்டு வருஷத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். ஆகவே அடைப்பதென்றால் சீக்கிரம் அடையுங்கள். நாலாவது வருஷம் முடிந்து கையில் பணம் வந்தால், அதை லோனுக்குக் கட்டுவதைவிடப் பிள்ளைகள் படிப்புக்கு எடுத்து வையுங்கள் என்பேன்.

பன்னிரண்டு தவணை கட்டி முடிக்கும்வரை முன்கூட்டியே ஒரு பைசா கட்ட முடியாது என்பது என் பத்திரத்தில் இருந்த நிபந்தனை. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, பாக்கியில் கால் பங்கு வரை கட்டணமில்லாமல் கட்டலாம். பன்னிரண்டாவது தவணை முடிந்தபோது பாக்கி 4,25,742. அந்தச் சமயத்தில் ஊர்ச் சீட்டு ஒன்று முடிந்து ஒரு லட்சம் கைக்கு வந்தது.

அந்த ஒரு லட்சத்துக்கு வீட்டில் வேறு போட்டியும் இருந்தது. "நங்கையா, லோன் எங்கீங்க ஓடிப்போயிரும்? இந்த ஆப்புல போடுங்க, தெனம் விளம்பரம் பாத்தாப் போதும், காசு வந்துட்டே இருக்கும்" என்றார் கொழுந்தனார். பெருந்துறையில் சுசி ஈமு பண்ணையில் போட்டுவிட்டு 2012இல் தலையில் கை வைத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. திருப்பூர் பாசி நிதி நிறுவன மோசடி வழக்கில் 2022இல் கோவை நீதிமன்றம் இயக்குநர்களுக்கு 27 வருஷத் தண்டனை கொடுத்தது, ஆனால் பணம் போட்டவர்கள் அதற்குள் பத்து வருஷத்துக்கு மேல் அலைந்திருந்தார்கள். 14 சதவீத லோனை அடைத்தால் எனக்கு 14 சதவீதம் உறுதியாக மிச்சம். அதைவிட நிச்சயமான வருமானத்தை இந்த ஜில்லாவில் யாரும் எனக்குக் காட்டவில்லை. முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் இன்றைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

2023 ஆகஸ்டில் பேங்கில் போய்க் கேட்டேன். லோன் பிரிவில் இருந்த அதிகாரி, "லோன் நம்பருக்கே டிரான்ஸ்ஃபர் பண்ணீருங்க மேடம், சிஸ்டமே அசலைக் கொறச்சுக்கும்" என்றார். லெட்டர் ஏதாவது தரணுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். அவர் எதிரிலேயே பணத்தை அனுப்பினேன். "வந்துருச்சு மேடம்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

வந்தது உண்மைதான். அசலில் கழியவில்லை என்பதுதான் விஷயம்.

அடுத்த மார்ச்சில் வருஷக் கணக்கு முடிக்கும் நேரத்தில் லோன் ஸ்டேட்மெண்டை வாங்கிப் பார்த்தேன். கம்பெனிக் கணக்கை நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்கு முதல் பார்வையிலேயே உறுத்தியது. வட்டிக் கட்டத்தில் இருந்த தொகைகள், முதல் நாள் எனக்குக் கொடுத்த தவணை அட்டவணையில் இருந்தவையேதான், ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஒரு லட்சம் கட்டியவளுக்கு முழுப் பாக்கிக்கும் வட்டி போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தின் அடியில், தனியாக ஒரு கட்டம், 'எக்ஸஸ் அமவுண்ட்' என்ற தலைப்பில் 1,00,000.00. எட்டு தவணைக் காலம் என் பணம் வட்டியில்லாமல் அங்கே நின்றது. அதே நேரத்தில் அதே பேங்க் என்னிடம் அதே ஒரு லட்சத்துக்கு 14 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தது.

கேட்கப் போனபோது பழைய அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், "பார்ட் பேமெண்ட்டுன்னு எழுத்துல குடுத்தீங்களா மேடம்?" என்றார். அந்த மாதத்திலிருந்து கழித்துத் தருவதாகவும், பழைய வட்டி திரும்ப வராது என்றும் சொன்னார்கள். தலைமை அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். வாடிக்கையாளரிடமிருந்து எழுத்துப்பூர்வமான கோரிக்கை வரவில்லை என்று பதில் வந்தது. பேங்க் 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் சரியில்லை என்றாலும் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. ஆனால் வாய்ச்சொல்லைத் தவிர என் கையில் காட்ட ஒன்றும் இல்லை. ஒரு வரி எழுதி முத்திரை வாங்கியிருந்தால் அந்தப் பணம் என் பணம். வேண்டாம் என்றவர் அந்த ஒரு வரியைத்தான் வேண்டாம் என்றார்.

ஆகவே எழுதிக் கொடுங்கள். லோன் நம்பர், தொகை, தேதி, "இதை முன்கூட்டிய தவணையாக வைக்காமல் இன்றைய தேதியில் அசலில் கழிக்கவும், தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்ற வாக்கியம். இரண்டு நகல், ஒன்றில் பேங்க் முத்திரையும் கையெழுத்தும் தேதியும். காலத்தைக் குறைக்கவும் என்பதை விட்டுவிடாதீர்கள். விட்டால் தவணையைக் குறைத்து வருஷத்தை அப்படியே வைத்துவிடுவார்கள், வட்டி மிச்சம் பாதியாகிவிடும். ஒரு வாரம் கழித்துப் புதிய அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தராதவரை பணம் கழியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மொத்தமாக அடைத்தது அதே 2024இல். இரண்டாவது வருஷம் வரை அடைத்தால் பாக்கியில் 4 சதவீதக் கட்டணம், இருபத்தைந்தாவது தவணைக்குப் பிறகு 3 சதவீதம், இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி. கட்டணம் குறையட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறவர்கள் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. இருபத்து நான்காவது தவணை முடிந்தபோது என் பாக்கி 2,35,650. அன்றைக்கு அடைத்தால் கட்டணம் 11,123. ஒரு மாதம் பொறுத்தால் 8,028. அந்த ஒரு மாத வட்டி 2,749. மிச்சம் 350 ரூபாய்கூட இல்லை. ஒரு மாதம் என்பதால் பொறுத்தேன். இரண்டு மாதம் என்றால் பொறுத்திருக்கவே கூடாது.

நகையை அடகு வைத்து அடைத்துவிடு என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். 9 சதவீத நகைக்கடன் வாங்கி, அதையும் மாதம் 11,634 வீதமே திருப்பிக் கட்டுவதாக வைத்துப் பார்த்தேன். பர்சனல் லோனில் மீதி வட்டி சுமார் 32,000. நகைக்கடன் வட்டி 19,300. அடைப்புக் கட்டணம் 8,028. மிஞ்சுவது 4,600 ரூபாய்ச் சொச்சம். அதற்காக நகையைப் பெட்டகத்தில் கொண்டுபோய் வைக்க எனக்கு மனசில்லை. சொசைட்டியில் வைத்தால் தள்ளுபடி வரும் என்றும் ஒரு பேச்சு. 2021இல் கூட்டுறவு நகைக்கடன் ஐந்து பவுன் வரை தள்ளுபடி அறிவித்ததிலிருந்து எங்கள் ஊரில் இந்த நம்பிக்கை போகவில்லை. அரசாங்கம் அறிவிக்கும் என்று நம்பி வட்டி ஏற விடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

நாங்கள் விற்றது தறிகளை. எட்டில் நான்கு ஓடாமல் நின்றன, நூல் போட ஆளில்லை, பாவு வரவும் இல்லை. அவற்றை எடைக்குப் போட்டோம். மாமியார் அழுதார். "சோறு போட்ட தறியை இரும்புக்காரனுக்குத் தூக்கிக் குடுக்கறயே கண்ணு" என்றார். வலித்தது. ஆனால் நிற்கிற தறி துருப்பிடிக்கும், நிற்காமல் ஏறுவது வட்டி. உங்கள் வீட்டிலும் ஓடாத தறியோ, எடுக்காத வண்டியோ ஏதாவது நின்றுகொண்டுதான் இருக்கும். அதை முதலில் பாருங்கள், நகை அப்புறம். பற்றாத தொகைக்கு வீட்டுக்காரரின் இன்னொரு சீட்டைத் தள்ளி எடுத்தோம்.

இப்போது ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது, இனி எந்த லோனுக்கும் அடைப்புக் கட்டணம் கிடையாது என்று. அப்படி இல்லை. ரிசர்வ் வங்கி 2025 ஜூலை 2 அன்று வெளியிட்ட உத்தரவு, 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கிற அல்லது புதுப்பிக்கிற கடன்களுக்குத்தான், அதுவும் மாறும் வட்டிக் கடன்களுக்கு. நமக்குக் கிடைக்கிற பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி. அதற்குப் பேங்க் கட்டணம் வாங்கலாம், ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2024 அக்டோபர் 1க்குப் பிறகு லோன் வாங்கியிருந்தால் முக்கிய விவர அறிக்கை ஒன்று கொடுத்திருப்பார்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் வாங்க முடியாது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அடைப்புக் கட்டண வரியைத் தேடிப் படியுங்கள், வட்டி விகிதத்தைப் பிறகு பேசலாம்.

மீதியெல்லாம் வழக்கமான வேலை. அன்றைய தேதிக்கு அடைப்புத் தொகைக் கடிதம் வாங்குங்கள், பணத்தைக் கட்டி ரசீதை வையுங்கள், தானாகத் தவணை எடுக்கிற நாச் உத்தரவை ரத்து செய்யச் சொல்லுங்கள். எனக்கு அடைத்த பிறகும் ஒரு தவணை எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். லோனோடு தலையில் கட்டிய காப்பீடு இருந்தால், மீதிக் காலத்துக்கு உரிய தொகையைக் கேளுங்கள், கேட்டால்தான் தருவார்கள். பாக்கி இல்லை என்கிற என்ஓசி கடிதத்தை வாங்குங்கள். பிறகு சிபில் அறிக்கையில் லோன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் புகார் கொடுங்கள். 30 நாளைத் தாண்டி இழுத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. அந்தப் புகாரையும் எழுத்திலேயே கொடுத்து முத்திரை வாங்குங்கள்.