பீர்க்கங்கொடியா, வேப்பமரமா? சம்பளக்காரங்களுக்கு ஒரு தோட்டக் கணக்கு

எமர்ஜென்சி ஃபண்ட் வீடியோ போட்டதுக்கு அப்புறம் பல பேர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "மாசம் ஐயாயிரம்தான் மிச்சமாகுது. அதை பேங்க்ல வைக்கவா, எஸ்ஐபி போடவா?"

இதே கேள்வி எனக்கு 2021 ஆடி மாசம் வேற மாதிரி வந்தது. வொர்க் ஃப்ரம் ஹோம்ல ஊர்ல இருந்தேன். வீட்டுக்கு மேற்குப் பக்கம் கொஞ்சம் இடம் காலியா இருந்தது. அங்க பீர்க்கங்கொடி விடலாமா, வேப்பமரம் வைக்கலாமா? ரெண்டையும் வெச்சுப் பார்த்ததுல நான் கத்துக்கிட்டதை இன்னைக்குச் சொல்றேன்.

கொடி என்ன தரும்?

பீர்க்கங்காய்க்கு ஆடிப்பட்டமும் தைப்பட்டமும் நல்ல பட்டம். விதை ஒரு வாரத்துல முளைக்கும். முதல்ல வர்றது ஆண் பூதான், அது உதிரும். அதைப் பார்த்து பயப்படாதீங்க. பெண் பூ பின்னாடியே வரும். ஏறக்குறைய ரெண்டு மாசத்துல முதல் காய் பறிக்கலாம். நாலு மாசத்துல கொடியோட கதை முடிஞ்சிடும்.

எங்க வீட்டுக் கணக்கு: ரெண்டு கொடியில மொத்தம் 12 கிலோ காய் கிடைச்சது. கிலோ 50 ரூபாய்னு வெச்சா 600 ரூபாய். பந்தல் போட சவுக்குக் கம்பு, கம்பி, கயிறு எல்லாம் சேர்த்து 900 ரூபாய் ஆச்சு. அதாவது முதல் பட்டத்துல 300 ரூபாய் நஷ்டம்! ஆனா அடுத்த பட்டத்துக்கு அதே பந்தல் இருந்தது, விதைச் செலவு மட்டும்தான்.

கொடிக்கு ரெண்டு கண்டிஷன் உண்டு. தினமும் ஆறு மணி நேரமாவது நல்ல வெயில் வேணும். காயைப் பிஞ்சா இருக்கும்போதே பறிக்கணும், விட்டுட்டா நார் ஆயிடும்.

மரம் என்ன தரும்?

முதல் ரெண்டு வருஷம் வேப்பங்கன்னு எதுவுமே தராது. தண்ணி ஊத்தணும், ஆடு கடிக்காம வேலி கட்டணும். செலவு மட்டும்தான். அஞ்சாறு வருஷம் போனாத்தான் நிழல்னு சொல்ற அளவுக்கு வரும்.

ஆனா வந்துட்டா அதோட வேலையே வேற. மாசி, பங்குனியில பழைய இலையைக் கொட்டிட்டு, சித்திரை வெயில் ஏறுறதுக்குள்ள புது இலையோட நிக்கும். சாயங்கால வெயில் நேரா மேற்குச் சுவர்ல அடிச்சுத்தான் ராத்திரி வரைக்கும் ரூம் கொதிக்குது. அந்தப் பக்கம் மரம் இருந்தா சுவர் அவ்வளவு சூடாகாது. அதனால ஏசி தினமும் ஒரு மணி நேரம் குறைவா ஓடுதுன்னு வெச்சுக்குவோம். மணிக்கு ஒன்றரை யூனிட் வீதம், நாலு மாசக் கோடைக்கு 180 யூனிட் மிச்சம். இது ஒரு வருஷத்தோட முடியாது, மரம் நிக்கிற வரைக்கும் வருஷா வருஷம் வரும்.

மரத்தைச் சுவரை ஒட்டி வைக்காதீங்க. 10, 15 அடியாவது தள்ளி வைங்க. செப்டிக் டேங்க், தண்ணிக் குழாய் பக்கமும் வேண்டாம்.

நான் பண்ண தப்பு

பந்தல் போட சோம்பேறித்தனம். வேப்பங்கன்னுக்கு முட்டுக் கொடுத்த கம்பு ஒண்ணு இருந்துச்சு. பீர்க்கங்கொடியை அதுலயே ஏத்தி விட்டுட்டேன். ஒரே மாசத்துல கொடி கன்னை முழுசா மூடிடுச்சு. நுனி வளைஞ்சு, உள்ளே இலையெல்லாம் மஞ்சள் ஆயிடுச்சு.

அம்மா பார்த்துட்டு, "ஏண்டா, கன்னு மேல கொடியை ஏத்திட்டு, மரம் எப்ப வளரும்னு பார்த்துக்கிட்டு இருக்கியா? மொதல்ல அதுக்குத் தனியா ஒரு பந்தல் போடுடா"ன்னாங்க. நின்னு, ஒவ்வொரு சுருளா பிரிச்சு எடுத்தாங்க. அதுக்கு அப்புறம்தான் அந்த 900 ரூபாய் பந்தல்.

அம்மா சொன்னது எனக்கு வேற இடத்துல உறைச்சது. ஏன்னா ஒரு வருஷம் முன்னாடிதான் என் பணத்துலயும் இதையே பண்ணியிருந்தேன்.

2020-ல நடந்தது

மூணு வருஷமா மாசம் 5,000 எஸ்ஐபி போட்டுக்கிட்டு இருந்தேன். எமர்ஜென்சி ஃபண்ட் பூஜ்யம். "அவசரம்னா எஸ்ஐபியில இருந்து எடுத்துக்கலாம்"னு தைரியம். ஜனவரியில 12,000-க்கு மேல இருந்த நிஃப்டி, மார்ச் 23-ம் தேதி 7,610-ல முடிஞ்சது. அடுத்த மாசமே கம்பெனியில சம்பளத்தைக் குறைச்சாங்க. வாடகையும் பைக் இஎம்ஐயும் நிக்கவா போகுது? எல்லா யூனிட்டையும் வித்தேன். போட்டது 1,80,000. கைக்கு வந்தது 1,40,000 சொச்சம்.

அதே வருஷம் நவம்பர்ல நிஃப்டி 13,000-த்தைத் தாண்டிச்சு. என்கிட்ட மூணு மாசச் செலவுக்குத் தனியா பணம் இருந்திருந்தா, அந்த எஸ்ஐபியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

நஷ்டம் 40,000 மட்டும்தானா? இல்லைங்க. இந்தக் கணக்கைப் பாருங்க. வருஷத்துக்கு 10% வளர்ச்சின்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம் (இது கியாரண்டி இல்லை):

- மாசம் 5,000, இடையில தொடாம 20 வருஷம்: சுமார் 38.3 லட்சம்.
- 5 வருஷம் போட்டு, சேர்ந்த 3.9 லட்சத்தை எடுத்துட்டு, மிச்ச 15 வருஷம் புதுசா போட்டா: சுமார் 20.9 லட்சம்.

எடுத்தது 3.9 லட்சம். கடைசியில குறையிறது 17.4 லட்சம். கன்னுல கை வெச்சா நாம இழக்கிறது கன்னை இல்லை, இருபது வருஷ மரத்தை.

அப்ப எது முதல்ல?

கொடியா மரமாங்கிறது தப்பான கேள்வி. கொடி நம்மளை இந்த வருஷம் காப்பாத்தும். அது காப்பாத்தினாத்தான் மரத்தை வளர விடுவோம். ரெண்டும் வேணும், ஆனா தனித்தனி இடத்துல வேணும்.

1. பந்தல் போடுங்க. சம்பளக் கணக்கு இல்லாம இன்னொரு பேங்க் கணக்கு திறங்க. மூணு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணம் எல்லாம் அங்க இருக்கிற ஆர்டி, எஃப்டியில, இல்லைன்னா லிக்விட் ஃபண்ட்ல இருக்கட்டும். வட்டி கம்மிதான். பரவாயில்லை, இது காய், நிழல் இல்லை.

2. கன்னையும் இன்னைக்கே நடுங்க. மாசச் செலவு 20,000-னா மூணு மாசத்துக்கு 60,000 வேணும். ஐயாயிரத்துல 3,500 கொடிக்கு, 1,500 இண்டெக்ஸ் ஃபண்ட் எஸ்ஐபிக்கு. ஒன்றரை வருஷத்துல எமர்ஜென்சி ஃபண்ட் நிறைஞ்சிடும். அப்புறம் அளவை மாத்திப் போடுங்க. 3,500 மரத்துக்கு.

3. காயைப் பறிக்கத் தயங்காதீங்க. எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தும் கிரெடிட் கார்டுல கடன் வாங்கி ஆஸ்பத்திரி பில் கட்டுறவங்களைப் பார்த்திருக்கேன். அவசரத்துக்கு எடுக்கத்தான் அது. எடுத்துட்டு, அடுத்த பட்டத்துல திரும்ப விதைங்க.

4. பிஎஃப்பைப் பிடுங்காதீங்க. வேலை மாறும்போது அதை எடுத்து போன் வாங்காதீங்க. யுஏஎன் நம்பர் ஒண்ணேதான், பழைய பணத்தைப் புது கம்பெனி கணக்குக்கு மாத்திடுங்க. அஞ்சு வருஷத் தொடர் சர்வீஸ் முடியுறதுக்குள்ள மொத்தமா எடுத்தா பொதுவா வரியும் உண்டு.

"வாடகை வீட்டுல இருக்கேன், மரம் எங்க வைக்கிறது?"ன்னு கேட்பீங்க. மொட்டைமாடியில ஓனர்கிட்ட கேட்டு ஒரு குரோ பேக்ல பீர்க்கங்காய் போடுங்க. மரம் வைக்க இடம் இல்லாட்டியும், பிஎஃப், எஸ்ஐபி ரெண்டும் நீங்க எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வரும்.

எங்க வேம்பு இப்ப மொட்டைமாடியை எட்டிப் பார்க்குது. பீர்க்கங்காயும் பட்டத்துக்குப் பட்டம் காய்க்குது. நிழல் விழாத தெற்குப் பக்கத்துல, அதோட சொந்தப் பந்தல்ல.

இன்னைக்கு ஒரு வேலை செய்ங்க. உங்க எஸ்ஐபி பணத்துல எவ்வளவை "அவசரத்துக்கு இருக்கு"ன்னு மனசுல நம்பி வெச்சிருக்கீங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தத் தொகைதான் கன்னு மேல ஏறி நிக்கிற கொடி. முதல்ல அதைப் பிரிச்சு எடுங்க.