கரணை பிடிக்க வந்த தம்பிகளுக்கு

1. முதல் நாளே கரணையைத் தொடாதே. சித்திரை மாசத்து வெயிலில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பாதையில் இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நட. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரை போகும். ஐப்பசியில் நாலு மழை விழட்டும், அதே மண் உப்பி, வெடிப்பு இருந்த தடமே இருக்காது. இந்த மண்ணின் மேல்தான் நீ காலமெல்லாம் சுவர் வைக்கப்போகிறாய்.

2. லாரி பேக்கர் என்கிற மனுஷனைத் தெரிந்துகொள். 1917-ல் இங்கிலாந்துப் பர்மிங்காமில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். போர்க்காலத்தில் சீனாவில் ஆம்புலன்ஸ் படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியைப் பார்த்தார். வீட்டுக்கு வேண்டிய சாமானெல்லாம் ஐந்து மைலுக்குள் கிடைக்கவேண்டும் என்று காந்தி சொன்னதாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டே இருந்தார். 1945-ல் தொழுநோய் ஆஸ்பத்திரிகள் கட்டுகிற வேலைக்காக இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டார். பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அந்த ஐந்து மைல் கணக்கை நம்ம ஊருக்குப் போட்டுப்பார். கண்மாய் வண்டலில் அறுத்த சூளைக்கல், அதைச் சுடச் சீமைக்கருவேலம், கூரைக்குப் பனங்கை. சுண்ணாம்புக்கல்லுக்குப் பந்தல்குடி, அது கொஞ்சம் தள்ளித்தான், காந்தி கோபித்துக்கொள்ளமாட்டார்.

3. வீட்டுக்காரி பேச்சைக் கேள். பேக்கர் கட்டிக்கொண்டது எலிசபெத் என்ற மலையாளத்து டாக்டரம்மாவை. இரண்டு வீட்டிலும் எதிர்ப்பு. பொறுத்திருந்து 1948-ல் கல்யாணம். புதுமணத் தம்பதி இமயமலைப் பக்கம் பித்தோராகருக்குப் போனார்கள். வந்திருப்பவர் டாக்டர் என்று தெரிந்ததும் மலைஜனம் வைத்தியத்துக்கு வந்து நின்றது. பிறகு எங்கே திரும்புவது? பதினைந்து வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்தார்கள். அம்மா வைத்தியம் பார்க்க, இவர் ஆஸ்பத்திரி கட்டினார். அந்த ஊர்க்காரர்கள் கல்லையும் மரத்தையும் வைத்துக் கட்டியதைப் பார்த்துத்தான், சீமையில் படித்ததை ஓரமாக வைத்துவிட்டுப் புதுசாகத் தொழில் கற்றார்.

என் வீட்டுக்காரி சித்தாளாக என்னோடு சாந்துச்சட்டி சுமந்தவள். அடுப்படி ஜன்னலை மேற்கே வைக்காதே என்றாள். வைத்தேன். மேல்காத்து அடிக்கிற ஆடி மாசமெல்லாம் புகை வீட்டுக்குள்தான்.

4. எலிப்பொறிக் கட்டு என்று ஒன்று. பேக்கர் கேரளத்தில் ஏராளமாகச் செய்தது. செங்கலைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே பொந்து விட்டு அடுக்குவது. ஒன்பது அங்குலச் சுவரில் கால்வாசிக் கல் மிச்சம். பொந்துக்குள் காற்று நிற்பதால் வெயில் சீக்கிரம் உள்ளே இறங்காது. கல் மட்டும் ஒரே அளவாக இருக்கவேண்டும். கோணல் கல்லை வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் சாந்தில் போய்விடும்.

இதைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் நானும் ஒரு வீட்டுக்குக் கட்டினேன். சுவரைப் பார்த்தவன் அஸ்திவாரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்துவந்த இடத்தில் கெட்டியான செம்மண், இரண்டடி வானம் தோண்டினால் போதும் என்று விட்டிருந்தார்கள். நானும் கரிசலில் இரண்டடியே தோண்டினேன். இரண்டாவது மழைக்கே மூலையிலிருந்து ஜன்னல் வரை படிப்படியாக விரிசல், ஒரு ரூபாய்க் காசு நிற்கும். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் உட்கார்ந்து அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து சுக்கான்பாறை தட்டுகிறவரை தோண்டாமல் நான் கல் வைத்ததில்லை. கரிசலை அள்ளி வெளியே கொட்டு. கிராவலை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடி. மழைத்தண்ணீர் சுவரடியில் நிற்காமல் வெளியே ஓடும்படி தளம் போடு.

5. தூக்குக்குண்டை நம்பு. கண்ணை நம்பாதே.

6. திருவனந்தபுரம் போனால் தம்பானூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அவர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸுக்குள் நுழை. படியே கிடையாது, திருகாணி மாதிரி தரை சுற்றிச் சுற்றி மேலே ஏறும். சுவரில் கல் விட்டுக் கல் வைத்த ஓட்டைகள், அதன் வழியே காற்றும் வெளிச்சமும். மேஜை, பெஞ்செல்லாம் சுவரோடு சேர்த்துக் கட்டியவை. காபி சொல்லிவிட்டு நான் பையிலிருந்த ரசமட்டத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன். காலடியில் தரை சரிவு. மேஜையில் குமிழி நட்டநடுவில் நின்றது. பரிமாற வந்தவர் சிரித்துக்கொண்டே தம்ளரை அதன் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.