கோழியில் கலவன் எடுப்பது எப்படி?

போன மாதக் கூட்டத்துக்கு வந்த தம்பி ஒருத்தர், சாக்குப் பையில் ஓட்டை போட்டு ரெண்டு விடைக்கோழிகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று செவலை. இன்னொன்று கருப்பு, கழுத்தில் மட்டும் கொஞ்சம் பொன்னிறம். ரெண்டும் ஒரே அடையில் பொரித்தவை. "அண்ணே, செவலைதான் ஒரிஜினல் சிறுவிடை, கருப்பு கலப்புன்னு வாங்க வந்தவரு சொல்லிட்டாரு. கழிச்சுடவா?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஒருத்தர் காலைப் பார்க்கச் சொன்னார், இன்னொருத்தர் வாலை. நேரம் ஆகிவிட்டதால், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இது அந்தப் பதில்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் அப்பத்தா காலத்திலிருந்தே சிறுவிடைதான். அப்பத்தா கோழிகளை நிறத்தை வைத்துத்தான் கூப்பிடும்: கருப்பி, செவலை, புள்ளிக்காரி. எந்தக் குஞ்சு எந்தத் தாயுடையது, எது அடுத்த வீட்டுப் படப்படியில் போய் முட்டையிடுகிறது என்று கண்டுபிடிக்க நிறம் ஓர் அடையாளம், அவ்வளவுதான். அடைக்கு முட்டை எடுக்கும்போது நிறத்தை அது பார்த்ததே இல்லை. "போன தடவ ஒரு குஞ்சைக்கூட பருந்துக்குக் குடுக்காம வளத்துச்சுல்ல, அதோட முட்டைய எடுத்து வை" என்பதுதான் அதன் கணக்கு.

பொறுப்பு என் கைக்கு வந்தபோது நான் இயற்கை விவசாயத்துக்குப் புதுசு. மாப்பிள்ளைச் சம்பாவில் கலவன் எடுக்க அப்போதுதான் பழகியிருந்தேன். உயரம் மாறி, கதிர் நிறம் மாறி நிற்கிற தூரைப் பிடுங்கிப் போட்டால் மூன்று நாலு பருவத்தில் விதை சுத்தமாகிவிடும். அந்தப் புத்தியையே கோழியிலும் காட்டினேன். செவலைக்குச் சந்தையில் விலை கூட. பார்க்கவும் காட்டுக்கோழி மாதிரி இருக்கும், அதனால் அதுதான் அசல் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரே ஒரு செவலைச் சேவலை நிறுத்தி, மற்றதையெல்லாம் விற்றேன். அடுத்து அதன் மகனை நிறுத்தினேன். நாலாம் வருஷம் கொல்லை முழுக்க ஒரே செவலை, படம் வரைந்த மாதிரி இருந்தது. ஆனால் 12 முட்டை வைத்தால் 10 பொரித்த இடத்தில் 6 பொரித்தது, பிறகு 5. கூமுட்டை கொஞ்சம், ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சு கொஞ்சம். வெளியே வந்ததும் நோஞ்சான். ரெண்டு கோழி பத்தாம் நாள் அடையை விட்டு எழுந்தே போய்விட்டது. தீவனம், கிளிஞ்சல், செல்லுப்பூச்சி என்று எதையெதையோ பார்த்தேன். காரணம் நான்தான் என்று புரிய இன்னும் ஒரு வருஷம் ஆனது.

நெல், உமிக்குள்ளேயே தன் மகரந்தத்தால் தானே சூல் பிடிக்கிற பயிர். ஒரு நல்ல தூரை மட்டும் எடுத்துப் பெருக்கினாலும் அது தாங்கும். கோழிக்கு அது ஆகாது. கோழி கம்பு மாதிரி, மக்காச்சோளம் மாதிரி. நாலே நாலு கம்புக் கதிரில் விதை எடுத்து வருஷா வருஷம் அதையே விதைத்துப் பாருங்கள், பயிர் எப்படிச் சோர்ந்து போகிறது என்று தெரியும். கோழியில் கலவன் எடுக்கிறவர் இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் கூடையைத் திறக்க வேண்டும்.

இனி நிறத்துக்கு வருவோம். இறகில் இருப்பது ரெண்டே சாயம். ஒன்று கருப்பு, இன்னொன்று சிவப்பு. பொன்னிறம், செம்பழுப்பு எல்லாம் சிவப்புக் கணக்கில் சேரும். எந்த இடத்தில் எந்தச் சாயம், எவ்வளவு, முழுசாகவா வரிவரியாகவா என்பதைச் சில மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. அடை உட்காருவது, பருந்தைக் கண்டு குரல் கொடுப்பது, மேய்ந்தே வயிற்றை நிரப்புவது எல்லாம் வேறு மரபணுக்களின் வேலை. இறகைப் பார்த்து அதைப் படிக்க முடியாது.

காட்டுக்கோழி மாதிரிச் சிவப்பாக இருந்தால் அசல் என்பதும் நிற்காது. சார்லஸ் டார்வின் கருப்பு ஸ்பானிஷ் சேவலை வெள்ளைப் பட்டிறகுக் கோழிகளோடு சேர்த்துப் பார்த்தார். அதில் பிறந்த சேவல் ஒன்று செங்காட்டுக்கோழிச் சேவலைப் போலவே சிவந்து வளர்ந்தது. 1868-ல் வந்த தன் நூலில் இதை எழுதியிருக்கிறார். அப்பன் கருப்பு, ஆத்தா வெள்ளை, ரெண்டும் வேறு வேறு இனம், பிள்ளை மட்டும் காட்டுக்கோழி! நம் சந்தைக்கு வந்திருந்தால் அதைத்தான் அசல் என்று அதிக விலைக்கு வாங்கியிருப்போம்.

பேர்பெற்ற நாட்டு இனங்களிலும் நிறம் ஒன்றாக இருப்பதில்லை. மத்தியப் பிரதேசம் ஜாபுவா பக்கத்துக் கடக்நாத்துக்குத் தோலும் கறியும் கருப்பு. ஆனால் இறகில் முழுக் கருப்பு, கோடு போட்டது, பொன்னிறம் கலந்தது என்று மூன்று வகை உண்டு. அசிலுக்கு நிறத்தை வைத்தே நூரி, பீலா, காகர் என்று பல பேர். (கடக்நாத் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடக்நாத் சேவலைச் சாதாரண வெளிர்கால் கோழியோடு சேர்த்தாலும் பெட்டைக் குஞ்சுகள் நல்ல கருப்பாகவே வரக்கூடும். கருப்பைப் பார்த்து மட்டும் காசைக் கொடுக்காதீர்கள்.)

சரி, நிறத்தால் பிரயோஜனமே இல்லையா என்றால், இருக்கிறது. அதைப் படிக்க ஒரு சங்கதி தெரிய வேண்டும். சில பண்பு ஓங்கு பண்பு. அப்பன், ஆத்தா ரெண்டு பேரில் ஒருத்தரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிந்துவிடும், ஒளிய முடியாது. சில பண்பு ஒடுங்கு பண்பு. ரெண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் தெரியும், இல்லாவிட்டால் தலைமுறைக் கணக்கில் ஒளிந்து கிடக்கும்.

வெள்ளை நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரெண்டு விதம் இருக்கிறது. வெள்ளை லெக்ஹார்னுடைய வெள்ளை ஓங்கு பண்பு. லெக்ஹார்ன் சேவல் ஏறினால் பொரிக்கிற குஞ்சு அத்தனையும் வெள்ளையாக, அங்கங்கே கருப்புப் பொட்டு வைத்த மாதிரி வரும். இன்னொரு வெள்ளை ஒடுங்கு பண்பு. அது ஒளிந்திருக்கிற ரெண்டு நிறக்கோழிகள் சேர்ந்தால், சராசரியாக நாலில் ஒரு குஞ்சு சுத்த வெள்ளையாக வரும். செவலைச் சேவலுக்கும் கருப்பிக்கும் பன்னிரண்டில் மூன்று வெள்ளைக் குஞ்சு பொரித்தபோது, எவன் வீட்டு லெக்ஹார்னோ ஏறிவிட்டது என்று சொல்லித் தாயையே விற்றவன் நான். அது வெளியிலிருந்து வந்த வெள்ளை இல்லை, உள்ளேயே இருந்த வெள்ளை. வெள்ளைக் குஞ்சு பருந்து கண்ணில் சீக்கிரம் படும், அதனால் வேண்டாம் என்றால் அது நியாயம். கலப்பு என்று சொல்லித் தாயை விற்றது அநியாயம்.

ஒரு சேவலுக்குள் இந்த வெள்ளை ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வழி உண்டு. ஒடுங்கு வெள்ளைப் பெட்டையோடு அதைச் சேர்த்துப் பொரிக்க வையுங்கள். ஒளிந்திருந்தால் பாதிக் குஞ்சு வெள்ளையாக வரும். ஏழு குஞ்சும் நிறமாகவே வந்தால், ஒளிந்திருக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட இல்லை.

வரிக்கோழியில் இதைவிட வேடிக்கை. கருப்பில் குறுக்கு வெள்ளை வரி போட்ட பெட்டையைக் கருப்புச் சேவலோடு விட்டால், சேவல் குஞ்சு எல்லாம் வரியோடு வரும், பெட்டைக் குஞ்சு ஒன்றுக்கும் வரி வராது. அந்த மரபணு பால் நிர்ணயிக்கும் குரோமோசோமில் இருக்கிறது. தாய் அதை மகனுக்குத்தான் கொடுக்கும், மகளுக்குக் கொடுக்காது. "பெட்டை ஒண்ணுகூட தாயைக் கொள்ளலியே, பக்கத்து வீட்டுச் சேவல் வேலை" என்று அண்டை வீட்டோடு சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

பக்கத்து வீட்டுச் சேவல் வேலையே செய்யாது என்று சொல்லவில்லை. ஒரு முறை சேவல் மிதித்தால் அந்த விந்து கோழி வயிற்றில் ரெண்டு மூன்று வாரம் வரை உயிரோடு இருக்கும். புதுச் சேவல் விட்ட மறுநாளே முட்டை சேர்த்து அடை வைத்தால், பொரிக்கிற குஞ்சில் சில பழையவனுடையதாக இருக்கலாம். சேவலை மாற்றினால் மூன்று வாரம் போன பிறகுதான் அடைமுட்டை எடுக்க வேண்டும்.

இப்போது தம்பியின் கருப்பு விடைக்கு வருகிறேன். கருப்பு ஓங்கு பண்பு. அப்படியானால் பெற்றவர்களில் ஒன்று கருப்பாக இருக்க வேண்டும். "அப்பன் செவலைச் சேவல்தான்ணே" என்றார். சேவலில் இது ஏமாற்றும். காட்டுக்கோழிச் சேவலுக்கே மார்பும் வாலும் கருப்பு, பிடரியும் முதுகும்தான் சிவப்பு. கருப்பு மரபணு ஒன்றை வைத்திருக்கிற சேவலுக்கும் பிடரியில் சிவப்பு கசிந்து, தூரத்தில் அதே மாதிரிதான் இருக்கும். இறக்கையை மடித்த நிலையில் பாருங்கள். பக்கவாட்டில் கீழே ஒரு முக்கோணம் தெரியும். அது செம்பழுப்பாக இருந்தால் காட்டு வண்ணம். கருப்பாக இருந்தால் கருப்பு மரபணு உள்ளே இருக்கிறது. குஞ்சிலும் தெரியும்: காட்டு வண்ணக் குஞ்சுக்கு முதுகில் அணில் கோடு இருக்கும், கருப்பு மரபணு வாங்கிய குஞ்சுக்கு முதுகு கருப்பு, வயிறு வெளுப்பு. தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பேசினார். முக்கோணம் கருப்புதான். ஆக, கருப்பு விடை அந்தச் சேவலின் மகள்தான்.

உண்மையான கலப்பை எதில் பார்ப்பது? பெருவிடை ரத்தம் கலந்தால் கொண்டைப்பூவில் தெரியும். நெற்றியோடு ஒட்டிய சின்னப் பூ ஓங்கு பண்பு. கத்தி மாதிரி ஒற்றைப்பூ உள்ள சிறுவிடைக் கூட்டத்தில் அப்படி ஒரு குஞ்சு வந்தால் வெளியாள் வந்திருக்கிறார் என்று அர்த்தம். லெக்ஹார்ன் கலந்தால் காது மடல் வெளுக்கும், பூ பெரிதாகிச் சாயும். ஆனால் இன்றைக்கு நம்மைக் குழப்புவது இதெல்லாம் இல்லை. வனராஜா, கிராமப்பிரியா ஹைதராபாத்தில் உருவாக்கியவை, கிரிராஜா பெங்களூருவில். கிராமத்து மக்கள் வண்ண இறகைத்தான் விரும்புகிறார்கள் என்பதால் நிறம் நிறமாகவே உருவாக்கினார்கள். முட்டைக்கும் கறிக்கும் என்று தெரிந்து வளர்ப்பவருக்கு அவை உதவும். ஆனால் அவை பெரும்பாலும் அடை உட்காராது, நாட்டுக்கோழி நிறத்தில் கூட்டத்துக்குள் கலந்துவிட்டால் ரெண்டு தலைமுறையில் தாய்மைக் குணம் கரைந்துவிடும். அதை இறகில் பார்க்க முடியாது. கணுக்கால் தடிமன், வயதுக்கு மீறிய எடை, அடைக்கு உட்காராமல் தொடர்ந்து முட்டை போடுவது, இதில்தான் பிடிக்க முடியும். கால் மஞ்சளை நம்பாதீர்கள். அது கீரையிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருகிற நிறம். முட்டையிட முட்டையிட வெளுத்துவிடும்.

சேவலைத் தேர்வு செய்யும்போது ஒன்று கவனியுங்கள். சேவல் அடை உட்காராது, ஆனால் அடை உட்காரும் குணத்தை மகளுக்குக் கடத்தும். அதனால் சேவலைப் பார்ப்பதைவிட அதன் தாயைப் பார்க்க வேண்டும். நான் என் செவலையின் தாய் எதுவென்று ஒருநாளும் கேட்டதில்லை.

எத்தனை சேவல் வைப்பது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சேவல் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தக் கோழிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். ஒரு சேவல், 10 பெட்டை என்றால் நாற்பதைப் பதினொன்றால் வகுக்க 3.6. கண்ணுக்குத் தெரிவது 11 கோழி, ரத்தக் கணக்கில் நாலுகூட இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் உறவு நெருக்கம் ஏறக்குறைய 14 சதவீதம் கூடும். சரி, பெட்டையைக் கூட்டுவோம் என்று 100 பெட்டை வைத்தாலும் ஒரே சேவல் என்றால் 12 சதவீதத்துக்குக் கீழே வராது. அதுவே 3 சேவல், 9 பெட்டை என்றால் கணக்கு 9; நெருக்கம் ஐந்தரைச் சதவீதம்தான். கோழிகள் ஒன்றுதான் கூட, நெருக்கம் பாதிக்கும் கீழே.

மூன்று சேவலை ஒரே கொல்லையில் விட்டால் ரத்தக்களரி. நாங்கள் மூன்று வீடு சேர்ந்துகொண்டோம், மூன்றும் ஒன்றுக்கொன்று தள்ளி உள்ள தெரு. பெட்டைக் குஞ்சு பிறந்த வீட்டிலேயே இருக்கும். சேவல் மட்டும் ஒவ்வொரு தையிலும் ஒரு வீடு தள்ளிப் போகும்: என் வீட்டில் பிறந்தவன் இரண்டாம் வீட்டுக்கு, அங்கே பிறந்தவன் மூன்றாம் வீட்டுக்கு, அங்கிருந்து என் வீட்டுக்கு. அப்பனும் மகளும் சேர வழியே இல்லை. தொடங்கும்போது என் செவலைகளுக்கு இரண்டாம் வீட்டிலிருந்து கருஞ்சாம்பல் சேவல் ஒன்று வந்தது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை, ஆனால் அதன் தாய் ஒரே வருஷத்தில் மூன்று அடை பொரித்தது. இப்போது கொல்லையில் ஐந்து நிறம். 12-க்கு 9, சில அடையில் 10 என்று பழையபடி பொரிக்கிறது. செவலை மட்டும் கேட்டு வந்த வியாபாரி ஒருத்தர் முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். இழப்புதான், பொறுத்துக்கொண்டேன்.

தம்பி, கருப்பு விடையைக் கழிக்காதீர்கள். ரெண்டையும் தனித்தனியாக அடை வைத்து, எது குஞ்சைக் கரை சேர்க்கிறது என்று குறித்து வையுங்கள். உங்கள் பக்கத்தில் இன்னும் ரெண்டு வீட்டைச் சேர்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள், எங்களிடம் தர ரெண்டு சேவல் இருக்கிறது. கொண்டுபோனதும் நேராகக் கூட்டத்தில் விட்டுவிடாமல் ரெண்டு வாரம் தனிப் பஞ்சாரத்தில் போட்டுப் பாருங்கள். நிறம் எதுவானாலும் வெள்ளைக்கழிச்சல் பார்த்து வருவதில்லை.