501-வது யூனிட்டின் விலை 233 ரூபாய்! எக்ஸெல்லில் ஒரு மின் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பாட்டு, படம், கேம்ஸ், லெட்டர் டைப் செய்வது என்று ஒரு சுற்று வந்துவிடுவோம். பிறகு, "இதனால் வீட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து வரும். அதற்குப் பதில் சொல்கிற மாதிரி, எக்ஸெல்லில் வீட்டு மின்சாரக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் உள்ள கால்க் புரோகிராமில் செய்யலாம். செய்முறை ஏறக்குறைய இதேதான்.

எதற்காக இந்தக் கணக்கு?

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 2022 செப்டம்பர் 10 முதல் அமலான கட்டணத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ.2.25, 400 வரை ரூ.4.50, 500 வரை ரூ.6. ஆக 500 யூனிட்டுக்கு ரூ.1,725.

இப்போது ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடிவிட்டது என்று வையுங்கள். 500-ஐத் தாண்டியவுடன் அந்த ரூ.2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.50, அடுத்த நூறு ரூ.6, அதற்கு மேல் ரூ.8. கூட்டிப் பாருங்கள்: ரூ.1,958 வரும். அந்த ஒரு யூனிட்டுக்கு நாம் கொடுத்த விலை 233 ரூபாய்! (2024 ஜூலையில் விகிதங்கள் மறுபடி உயர்ந்தன. பணக் கணக்குக்கு உங்கள் வீட்டுக்கு அமலில் உள்ள விகிதத்தையும் எல்லைக்கோட்டையும் பயன்படுத்துங்கள்.)

பில் வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? இருபதாவது நாளே தெரிந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். நமக்கு அதைச் சொல்ல ஒரு ஷீட் வேண்டும்.

ஷீட் தயாரிப்போம்

முதல் வரிசையில் தேதி, ரீடிங், யூனிட், நாள், மதிப்பீடு என்று ஐந்து தலைப்புகளை அடுத்தடுத்த செல்களில் டைப் செய்யுங்கள். இரண்டாம் வரிசையில், கடைசியாக ரீடிங் எடுத்த தேதியையும் அன்றைய ரீடிங்கையும் வெள்ளை அட்டையிலோ பில்லிலோ பார்த்து எழுதுங்கள். மூன்றாம் வரிசையில் இன்றைய தேதியும் இன்றைய ரீடிங்கும். டிஜிட்டல் மீட்டரில் பல எண்கள் மாறி மாறி வரும். கே.டபிள்யூ.எச் என்று பக்கத்தில் காட்டும் எண்தான் நமக்கு வேண்டியது.

இனி ஃபார்முலா. யூனிட் செல்லில் சமக்குறி அடித்து, இன்றைய ரீடிங்கை மவுஸால் க்ளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, பழைய ரீடிங்கை க்ளிக் செய்யுங்கள். என்டர் தட்டுவதற்கு முன் எஃப்4 கீயை ஒருமுறை அழுத்துங்கள். இது முக்கியம். அப்போதுதான் ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது பழைய ரீடிங் இடம் மாறாமல் நிற்கும். நாள் செல்லிலும் இதேபோல இன்றைய தேதியிலிருந்து பழைய தேதியைக் கழியுங்கள். விடை 1900-ஆம் ஆண்டுத் தேதி மாதிரி ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம். ஹோம் டேபில் அந்தச் செல்லின் ஃபார்மேட்டை ஜெனரல் என்று மாற்றினால் நாள் எண்ணிக்கை வந்துவிடும்.

மதிப்பீட்டில் யூனிட்டை நாளால் வகுத்து 62-ஆல் பெருக்குங்கள். ஏன் 60 இல்லை? ஜூலை, ஆகஸ்ட் இரண்டுக்கும் 31 நாள். தினம் 8.2 யூனிட் ஓடுகிற வீட்டில் 60 நாளுக்கு 492, 62 நாளுக்கு 508. இரண்டே நாளில் கோடு தாண்டிவிடுகிறது. அதிகமாகவே மதிப்பிட்டு வைப்பது நல்லது.

கடைசியாக மதிப்பீட்டு நெடுவரிசையைத் தேர்வு செய்து, கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், கிரேட்டர் தேன் என்று போய் 500 கொடுங்கள். தாண்டினால் செல் சிவப்பாகும். எங்கள் மரக்காணம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா ரீடிங் சொல்வார், நான் டைப் செய்வேன். கோடையில்தான் சிவப்பு அதிகம் வரும். உப்பளத்துக்கு வேண்டிய அதே வெயில்தான். அங்கே அது செய்கிற வேலைக்கு மீட்டர் கிடையாது, வீட்டில் அதைச் சமாளிக்க மீட்டர் ஓடுகிறது!

சிவப்பு வந்தால்?

20 நாளில் 170 யூனிட் ஓடியிருந்தால் மதிப்பீடு 527. மீதி 42 நாளில் 27 யூனிட் குறைக்க வேண்டும், அதாவது தினம் 0.64 யூனிட். எதில் குறைப்பது என்று மீட்டரே சொல்லும். அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாதனத்தைத் தவிர மற்றதையெல்லாம் ஆஃப் செய்துவிட்டு, பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட்ஸ். 75 விநாடி ஆனால் 150 வாட்ஸ்.

மானிட்டரோடு சேர்த்து 150 வாட்ஸ் இழுக்கிற டெஸ்க்டாப், யாரும் தொடாமல் நான்கு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட் போச்சு. ஸ்கிரீன் சேவர் மின்சாரத்தைச் சேமிக்காது, படம் காட்டும், அவ்வளவுதான். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதிக்குப் போய் 15 நிமிடத்தில் ஸ்லீப் ஆகும்படி வையுங்கள். 75 வாட்ஸ் பழைய சீலிங் ஃபேன் தினம் 18 மணி நேரம் சுற்றினால் 1.35 யூனிட். 30 வாட்ஸ் பி.எல்.டி.சி ஃபேன் என்றால் 0.54. ஒரு ஃபேனை மாற்றினாலே தினம் 0.81 யூனிட் மிச்சம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்று ஏ.சி.யின் வெளி யூனிட்டில் உள்ள அலுமினியத் தகடுகளை அரிக்கும். வெப்பம் சரியாக வெளியேறாததால் கம்ப்ரஸர் அதிக நேரம் ஓடும். பவரை ஆஃப் செய்துவிட்டு அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஸ்விட்ச் போர்டுகளிலும் ஈரமும் உப்பும் சேர்ந்து மின்கசிவு ஏற்படலாம். இதற்கும் அந்த விளக்குதான் சாட்சி. ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், மோடம் வரை எல்லாவற்றையும் ஆஃப் செய்த பிறகும் அது மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ கரன்ட் போகிறது. மீட்டர் பெட்டியையோ அதன் சீலையோ தொடாதீர்கள். இது பில் விஷயம் மட்டுமல்ல, ஷாக் அடிக்கிற விஷயம். அன்றைக்கே எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். வரும்போது ஆர்.சி.சி.பி போட்டிருக்கிறதா, வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.