சீரகமும் அதன் சுற்றத்தாரும்

சகோதரர்களே, நமது கடைகளில் வரிசையாக நிற்கும் டின்களைப் பாருங்கள். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம் ஆகிய நான்கும் ஒரே குடும்பத்துச் சரக்குகள். பெருங்காயம் தரும் செடியும் அதே குடும்பம். காரட், பார்ஸ்னிப் ஆகிய கிழங்குகளும் அப்படியே. இக்குடும்பத்தில் சுமார் 3,700 இனங்கள் உண்டென்பர் தாவர நூலார். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஈரமான கால்வாய் ஓரம் படரும் வல்லாரையும், அதாவது மலாய்க்காரர் ஊலாமாக உண்ணும் பெகாகாவும், இதன் உறவே.

குடும்பத்தின் அடையாளம் யாது? பூக்காம்புகள் குடைக்கம்பிகளைப் போல ஓரிடத்திலிருந்து விரியும். நாம் விதையென்று நிறுப்பது உண்மையில் காய்; இரு பாதிகள் சேர்ந்தது. மேலே நீளவாட்டில் வரிகள் ஓடும். உள்ளே நுண்ணிய குழாய்களில் எண்ணெய் இருக்கும். வாசனை அதிலிருந்தே வருகிறது. இடித்தால் குழாய்கள் உடைந்து வாசனை விரைவில் பறந்துவிடும். ஆகவே பொடியை நாட்பட வைத்து விற்கலாகாது.

1672-ல் ராபர்ட் மாரிசன் என்னும் அறிஞர் இக்குடும்பத்தைப் பற்றித் தனி நூல் எழுதியபோது காயைப் பார்த்தே செடிகளை வகுத்தார். நமக்கும் அதுவே நல்ல வழி. ஏனெனில் பெயர் ஏமாற்றும்.

தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வந்து 'ஜிந்தான்' என்று மட்டும் கேட்டால் எதை நிறுப்போம்? ஜிந்தான் பூத்தே சீரகம். ஜிந்தான் மானிஸ் சோம்பு. ஜிந்தான் ஹித்தாம் கருஞ்சீரகம். முன்னவை இரண்டும் இக்குடும்பம். கருஞ்சீரகமோ வேறு குடும்பம். கோணமுள்ள கறுப்பு விதை, இரு பாதியாகப் பிளவாது. மூக்கும் ஏமாறும்: அன்னாசிப்பூ சோம்பைப் போல மணக்கிறது, ஆயினும் உறவில்லை.

உறவென்பதாலேயே எல்லாம் உணவாகிவிடாது. கி.மு. 399-ல் கிரேக்க ஞானி சாக்ரட்டீசின் உயிரைப் பறித்த நஞ்சுச் செடியும் இக்குடும்பமே. எனவே அறியாத தழையை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தால் நாம் வாங்கி விற்கலாகாது.

சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்து, "வீட்டில் காட்டி வா, தம்பி" என்று பிள்ளையை அனுப்புவோம். சற்று நேரம் போகும். அடுத்த மாதமும் அவ்வீட்டார் நம் கடைக்கே வருவார்கள். தராசு நேராயிருப்பதோடு, தட்டில் இடும் சரக்கும் கேட்டதாகவே இருக்க வேண்டும். வியாபாரியின் நாணயம் அதுவே.