எந்தச் சாயம் முதல் சாயம்?

சிம்பாங் அம்பாட் என்னும் ஊர்ப்பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்துள்ளது இவ்வூர். இங்குள்ள ஒரு சாலைச் சந்திப்பில் பச்சை விளக்குக்காக வாகனங்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. அவற்றின் நடுவே நூறு வயதைத் தாண்டிய ஃபோர்டு மகிழுந்து ஒன்று குலுங்கிக் குலுங்கி வந்து நிற்பதாக எண்ணிப் பாருங்கள். மரத்தாலான ஆரக்கால்கள், துணிக் கூரை, பளபளக்கும் பித்தளை விளக்குகள். சரி, அதன் நிறம் என்ன?

பெரும்பாலோர் கறுப்பு என்றே சொல்வார்கள். ஃபோர்டு நிறுவனத்தின் புகழ்பெற்ற ‘டி’ மாதிரி மகிழுந்து கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது என்பது உலகம் முழுவதும் பரவிய செய்தி. அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பியே பல பழைய மகிழுந்துகளுக்குத் தவறான சாயம் அடிக்கப்பட்டிருக்கிறது.

‘டி’ மாதிரி 1908ஆம் ஆண்டு முதல் 1927ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. மொத்தம் 1 கோடியே 50 இலட்சம் வாகனங்கள் வெளிவந்தன. தொடக்க காலத்தில் அவை சிவப்பு, சாம்பல், பச்சை ஆகிய நிறங்களில் வந்தன. அதன் பின் கரும்பச்சையும் கருநீலமும் வந்தன. அப்போது கறுப்பு விற்பனைப் பட்டியலிலேயே இல்லை! 1913ஆம் ஆண்டில் நகரும் தொகுப்பு வரிசை முறையை ஃபோர்டு நிறுவனம் புகுத்தியது. ஒரு மகிழுந்தின் அடிச்சட்டத்தைப் பொருத்தி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது போய், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே போதும் என்றானது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் சாயம் தேவைப்பட்டது. நிலக்கீல் கலந்த கறுப்பு எனாமல் மலிவானது, உறுதியானது, சூளையில் வைத்தால் விரைவில் இறுகக்கூடியது. ஆகவே 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும். 1926இல் மற்ற நிறங்கள் திரும்பி வந்தன.

அதற்கு முன்பு மகிழுந்துக்குச் சாயம் அடிப்பது குதிரை வண்டிக்காரர்களின் கலையாகவே இருந்தது. சென்னையில் 1840ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் குதிரை வண்டி கட்டும் நிறுவனம்தான். அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903ஆம் ஆண்டில் நீராவியால் ஓடும் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். அக்காலத்தில் வசதி படைத்தவர்கள் இயந்திரமும் சக்கரமும் பொருத்திய அடிச்சட்டத்தை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அதன்மேல் உடற்பகுதியை இத்தகைய வண்டிப் பட்டறைகளில் கட்டிக்கொள்வதும் உண்டு. மரச் சட்டத்தின் மீது தகடு பொருத்தி, ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் தூரிகையால் பூசுவார்கள். ஒரு பூச்சு காய்ந்ததும் நுரைக்கல் தூளால் தேய்த்து, அதன்மேல் அடுத்த பூச்சு. பத்து, பதினைந்து என்று பூச்சுகள் ஏறும். முடிக்க வாரக் கணக்கில் ஆகும்.

இந்தக் காத்திருப்பை முடித்துவைத்தது டூக்கோ. நைட்ரோ செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்ட இந்த அரக்குச் சாயத்தை டூபாண்ட் நிறுவனம் உருவாக்கியது. 1924ஆம் ஆண்டு மாதிரி ஓக்லாண்ட் மகிழுந்துகள் நீல நிற டூக்கோவுடன் வெளிவந்தன. தெளிகருவியால் தெளித்தால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். தமிழ்நாட்டில் மரத் தளவாடங்களுக்குத் தெளித்துப் பூசும் சாயத்தை இன்றும் டூக்கோ என்று சொல்வதைக் கேட்கலாம். சொல் நிலைத்துவிட்டது, அது மகிழுந்துக்காக வந்த சாயம் என்பதுதான் மறந்துபோயிற்று.

மலாயாவுக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. ஃபோர்டு மலாயா நிறுவனம் 1926ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தொடங்கப்பட்டது. அது புக்கிட் தீமாவில் கட்டிய தொழிற்சாலை 1941 அக்டோபரில் திறக்கப்பட்டது. நான்கு மாதங்கள்தாம் கடந்திருந்தன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த ஒப்பந்தம் அந்தக் கட்டடத்திலேயே கையெழுத்தானது. போரைத் தாண்டி வந்த மகிழுந்துகளும் நம் நாட்டின் வெயிலையும் மழையையும் தாண்ட வேண்டியிருந்தது. ஈரக்காற்றில் தகடு துருப்பிடிக்கும். உள்ளே இருக்கும் மரச் சட்டம் உப்பும், உளுக்கும், கரையானும் விட்டுவைக்காது. மேற்சாயம் பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். கதவைத் திறந்தால் கீல் கையோடு வந்துவிடும்.

இப்படிப்பட்ட மகிழுந்து ஒன்று பட்டறைக்கு வந்தால் முதல் வேலை என்ன? கழற்றுவது அன்று. படம் எடுப்பது. ஒவ்வொரு திருகும் எந்தத் துளையில் இருந்தது, எந்தக் கம்பி எதன் அடியில் சென்றது என்று படம் பிடித்து, சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். ஆர்வக் கோளாறால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டிகளில் கொட்டியவர்கள், பொருத்தத் தெரியாமல் பெட்டிகளாகவே விற்பதும் உண்டு.

அடுத்தது சாயத்தைப் படிப்பது. வெயிலும் மழையும் அதிகம் படாத ஓர் இடத்தை, எடுத்துக்காட்டாகக் கதவின் உள்விளிம்பையோ இருக்கைக்கு அடியிலுள்ள பகுதியையோ தேர்ந்தெடுப்பார்கள். நீரில் நனைத்த மெல்லிய உப்புத்தாளால் வட்டமாக, பொறுமையாகத் தேய்ப்பார்கள். நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் தேயும்போது, வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல் நிறங்கள் வரிசையாகத் தோன்றும். மேலே நேற்றைய சிவப்பு. அதன் கீழ் யாரோ ஒருவர் வீட்டுத் தூரிகையால் பூசிய வெள்ளை. அதன் கீழ் கறுப்பு. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஃபோர்டு என்றால் கறுப்புதானே!

நிறுத்தக் கூடாது. பழைய ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு காலப்போக்கில் மஞ்சளாகிப் பழுப்பேறும். கருநீலத்தின் மேல் அந்தப் பழுப்பு படிந்தால், நம் கண்ணுக்கு அது கறுப்பாகவே தெரியும். நல்ல பகல் வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் நீலம் புலப்படும். இயந்திரத்தில் பொறித்துள்ள எண்ணைக் கொண்டு வண்டியின் ஆண்டைக் கணித்து, அந்த ஆண்டில் என்ன நிறம் விற்கப்பட்டது என்பதையும் ஒப்பிட வேண்டும். ஆண்டு 1912 என்று எண் சொல்லி, சாயம் கறுப்பு என்று கண் சொன்னால், கண்ணைத்தான் மறுபடியும் சோதிக்க வேண்டும்.

இந்த வேலைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. பழைய சாயங்களில் ஈயம் கலந்திருக்கும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் அந்தத் தூசு மூச்சுக்குள் போகும். ஆகவே நீர் விட்டுத் தேய்ப்பதும், அதற்குரிய முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

சாயம் முழுவதையும் அகற்ற எளிய வழி மணலை அழுத்தக் காற்றில் வீசி அடிப்பது. அடிச்சட்டம் போன்ற தடித்த இரும்புக்கு அது பொருந்தும். மெல்லிய தகட்டில் அடித்தால் தகடு நெளிந்துவிடும். அதோடு, பழைய பட்டறைக்காரரின் சுத்தியல் தடம், கையால் எழுதிய எண், மெல்லிய அலங்காரக் கோடு எல்லாம் நொடியில் மறைந்துபோகும். தமிழ்நாட்டில் திருப்பணியின்போது கோயிற் சுவர்களை இவ்வாறு மணல் வீசித் தூய்மை செய்ததில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கின. அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். கல்லுக்கே அந்தக் கதி என்றால் தகடு எம்மாத்திரம்?

தகட்டை நேராக்கி, துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்து, மரச் சட்டத்தைச் செப்பனிட்ட பிறகே சாயம். பிரைமர் எனும் முதற்பூச்சு, தேய்ப்பு, மீண்டும் பூச்சு, மீண்டும் தேய்ப்பு. இன்றைய இரட்டைக் கலவைச் சாயம் கண்ணாடி போல் மின்னும், நெடுநாள் உழைக்கும். ஆனால், 1912இல் எந்த மகிழுந்தும் அப்படி மின்னியதில்லை. என் கண்ணுக்கு அந்த மினுமினுப்பு, பாட்டியின் பழைய கண்டாங்கிச் சேலைக்கு நெகிழி உறை போட்டதைப் போல் இருக்கிறது. விரும்புவோரும் இருக்கிறார்கள், கண்காட்சிகளில் பரிசும் கிடைக்கிறது.

எல்லாவற்றையும் புதுப்பித்துத்தான் ஆக வேண்டுமா என்றும் கேட்கலாம். பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 1966ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் டூரின் சாசனம், இருப்பதை இருந்தபடி காப்பதற்கே முதலிடம் கொடுக்கிறது. புதுப்பிப்பது அதற்குப் பிறகுதான். மங்கிய சாயமும் தேய்ந்த தோல் இருக்கையும் நூறு ஆண்டுகளில் சேர்ந்தவை. புதுச் சாயத்தை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். முதல் சாயத்தைச் சுரண்டியெடுத்துவிட்டால் எவராலும் திரும்பப் பூச முடியாது.

விற்பனைக்கு வரும்போது இந்தக் கேள்வி பணக் கேள்வியாகிவிடுகிறது. அனுபவமுள்ளவர் பழைய மகிழுந்து வாங்கப் போகும்போது சட்டைப் பையில் சிறிய காந்தம் ஒன்றை, மெல்லிய துணியில் சுற்றி எடுத்துச் செல்வார். இரும்புத் தகட்டில் காந்தம் ஒட்டும். துருப்பிடித்த ஓட்டையைப் பட்டியால் தடிமனாக நிரப்பி மேலே சாயம் அடித்திருந்தால் ஒட்டாது, நழுவி விழும். அலுமினியத் தகடாக இருந்தாலும் ஒட்டாதே என்று நீங்கள் கேட்டால், கேள்வி சரியே. எந்தப் பகுதி எந்த உலோகம் என்று முன்பே தெரிந்துகொண்டுதான் காந்தத்தை வெளியே எடுக்க வேண்டும்.

ஆவணமும் முக்கியம். இந்தியாவில் 2021ஆம் ஆண்டில் வந்த விதிப்படி, ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட, முதல் வடிவம் மாறாத வாகனங்கள் பழம்பெரும் வாகனங்களாகத் தனியே பதிவு செய்யப்படுகின்றன. பதிவெண்ணில் ‘விஏ’ என்ற இரண்டு எழுத்துகள் இடம்பெறும். வணிகத்துக்கோ அன்றாடப் பயணத்துக்கோ அவற்றைப் பயன்படுத்த முடியாது.

‘முதல் வடிவம்’ என்றால் என்ன என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர் பெற்ற பென்ட்லி பந்தய மகிழுந்து, பிரான்சின் லெ மான் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய ஈராண்டுகளும் வென்றது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் விபத்துக்குள்ளாகி அதன் ஓட்டுநர் உயிரிழந்தார். பிறகு வேறு உடல், வேறு இயந்திரம் என்று பலமுறை மாற்றிக் கட்டப்பட்டது. 1990இல் அதனை 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்டது. பின்னர், இது அந்தப் பழைய மகிழுந்தே இல்லை என்று மறுத்தது. பந்தயம் வென்ற நாளில் இருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியிருப்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனாலும், அந்த மகிழுந்தின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, ஒவ்வொரு மாற்றமும் அதே வண்டிக்கே நடந்தது, எனவே ஓல்டு நம்பர் ஒன் இதுதான் என்று தீர்ப்பளித்தார். பாகங்கள் மாறியதை மறைத்திருந்தால் அந்த வரலாற்றை நிறுவியிருக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். படங்கள், பற்றுச்சீட்டுகள், பழைய பதிவு ஏடுகள் ஆகியவற்றைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு பழைய மகிழுந்தை விற்பவர் ஒரு காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்.

மறுபடியும் நாற்சந்திக்கு வருவோம். அந்த ஃபோர்டின் உரிமையாளர் இறங்கி, ஓட்டுநர் இருக்கையின் மெத்தையைத் தூக்குகிறார். எரிபொருள் கலன் அங்கேதான் இருக்கிறது. ஒரு குச்சியை விட்டு எவ்வளவு மிச்சம் என்று அளக்கிறார். கலனிலிருந்து எரிபொருள் தானாகவே சரிந்து இயந்திரத்துக்குப் போகும்படி அமைத்திருப்பதால், எரிபொருள் குறைவாக இருக்கும்போது செங்குத்தான மேட்டில் இந்த மகிழுந்தைப் பின்னோக்கி ஓட்டித்தான் ஏற்ற வேண்டும். குச்சியைத் துடைத்து வைக்கிறார். கலனுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு இடத்துக்குப் புதுச் சாயம் அடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதில் வளையம் வளையமாகச் சிவப்பு, வெள்ளை, கறுப்பு. எல்லாவற்றுக்கும் நடுவில், ஐம்பது காசு அளவில், கருநீலம்.